ஆறு கோட்டு ரவுடி

விரல் நீளம்கூட இல்லாத ஓர் உயிரை நான் மனதார வெறுத்திருக்கிறேன். ஊதா உடம்பில் ஆரஞ்சு நிறத்தில் ஆறு கோடுகள், பச்சை வால், தனித்தனியாகச் சுழலும் சிவந்த கண்கள். வளர்ப்பு மீன் கடைகளில் அதற்கு சிக்ஸ் லைன் ராஸ் என்று பெயர். ராஸ் என்பது பவளப்பாறைகளில் வாழும் ஒரு பெரிய மீன் குடும்பம். அதில் சாதுக்களும் உண்டு, கொலைகாரர்களும் உண்டு. பாலிதீன் பையில் பார்க்கும்போது இரண்டும் ஒரே அழகுதான்.

என் கடல்நீர் மீன்தொட்டியில் பவளங்களின் மேல் துரு நிறத்தில் தட்டைப் புழுக்கள் வந்திருந்தன. கொளத்தூரில் ஒரு கடைக்காரர், "இத வுட்டுப் பாரு தம்பி, ஒரே வாரத்துல மேஞ்சுடும்" என்றார். மேய்ந்துவிட்டது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் புழு தீர்ந்ததும் மூன்றடித் தொட்டி முழுவதையும் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டதுபோல் திரிந்தது. சாதுவை முதலில் விடு, சண்டைக்காரனைக் கடைசியில் விடு என்பது இந்தப் பொழுதுபோக்கில் அரிச்சுவடி. நான் அதை மீனை விட்ட பிறகுதான் படித்தேன். எனக்கு எப்போதும் இதே வரிசைதான். முதலில் செய்வேன், பிறகு படிப்பேன்.

இதற்குமேல்தான் ஒரு ஃபேரி ராஸ் வாங்கினேன். செக்கச் சிவந்த ஆண் மீன். துடுப்பை விரித்தால் ஓரத்தில் நீலம் மின்னும். சாது, பயந்த சுபாவம். அதை நேரடியாக விடாமல், துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டேன். பழையவன் புதியவனைப் பார்த்துப் பழகட்டும் என்பது கணக்கு. ரவுடி பழகவில்லை. காலை முதல் விளக்கணையும் வரை பெட்டியை மோதிக்கொண்டே இருந்தது. பெட்டிக்குள் சிவப்பன் ஒரே மூலையில் ஒடுங்கிக் கிடந்தான். அவன் பிழைத்து அந்தத் தொட்டியில் சுற்றிவர வேண்டும். அந்த வருடம் நான் உருப்படியாக ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். அண்ணன் காசிமேட்டிலிருந்து போகும் விசைப்படகில் வேலை செய்பவன். இரண்டு மாதம் படகு கரையில். திருவொற்றியூர் கடற்கரைக் குப்பத்தில் எங்கள் மாடி அறையில் ஒரு சுவர் என் தொட்டிக்கு, இன்னொரு சுவர் அவன் பாய்க்கு. சும்மா இருந்தால் அவனுக்கு வாய் அரிக்கும்.

"இன்னாடா இது? அராஜகம் பண்றவன் வெளிய சுத்தறான், புதுசா வந்தவன் ஜெயில்ல கீறான். ஷோக்கா கீதுடா உன் நியாயம்."

அதில் உண்மை இருந்தது. அதனாலேயே எரிந்தது.

"உனுக்குப் புரியாதுண்ணா. இது வலைல வாரிக் கூடைல கொட்ற மீன் இல்ல."

"ஆமா நைனா. துன்னவும் முடியாது, விக்கவும் முடியாது. அதுக்கு ஃபேனு வேற. நான் இங்க வேர்த்துக்கினு படுத்துகீறேன்."

உண்மையில் ஒரு வழி இருந்தது. பாறைகளைக் கலைத்து அடுக்கினால் பழையவனுக்கும் இடம் புதிதாகிவிடும். எது தன் வளை, எது தன் எல்லை என்று தெரியாமல் அடங்குவான். எனக்கு அது தெரியும். ஆனால் நடுவில் நான் சிமென்ட் பூசி நிறுத்திய பாறை வளைவு இருந்தது. அதன் மேல் எட்டு மாதமாகப் பவளம் பிடித்திருந்தது. அந்த வளைவின் படத்தை வாட்ஸாப் குழுவில் போட்டு நான் வாங்கிய பாராட்டு கொஞ்சமில்லை. அதைக் கலைக்க மனம் வராமல் காரணம் தேடினேன். கரையோரத் தண்ணீர் எங்கள் பக்கம் ஆலைக் கழிவு. ஆழ்கடல் தண்ணீர் வேண்டுமென்றால் அண்ணனின் படகில்தான் வரவேண்டும், படகோ கரையில். பாறையைக் கலைத்தால் அடியிலிருக்கும் அழுக்கு கிளம்பும், மாற்றத் தண்ணீர் இல்லை. இப்படி நான்கு நாள் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன்.

ஐந்தாம் நாள் மதியம், பாரிமுனையில் அலுவலகத்தில் இருந்தபோது அண்ணனிடமிருந்து வீடியோ வந்தது. பெட்டி காலி. அவன் குரல் மட்டும்: "நைனா, உன் மாப்ளைய ரிலீஸ் பண்ட்டேன். உள்ள கெடந்து பேஜாராயிட்டான். ரெண்டு பேரும் செம ஓட்டம், வந்து பாரு."

வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. ஒவ்வொரு டிரைவரையும் தனித்தனியாகச் சபித்தேன். வீடு வந்து சேர்ந்தபோது சிவப்பன் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் சொருகிக்கொண்டு நின்றான். வாலில் பாதியைக் காணோம். ஆறு கோட்டுக்காரன் இரண்டு விரல் தள்ளி, அவன் வெளியே வருவதற்காகக் காத்திருந்தான்.

"யார கேட்டு தொறந்த?"

"என் வூட்ல ஒரு டப்பாவ தொறக்க யார கேக்கணும்?"

"செத்துடும்ணா அது!"

"சாவாது. புதுசா வந்தவன் மூணு நாள் அடி வாங்கணும். அப்பாலிக்கா பழையவனே சேத்துப்பான். எங்க போட்ல அப்டித்தான்."

அவன் விளையாடவில்லை. அவர்கள் படகில் முதல் முறை கடலுக்கு வருபவனை மூன்று நாளைக்குப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். 'டேய் புதுசு' மட்டும்தான். வாந்தி எடுத்தால் முகத்தில் ஒரு வாளி கடல்நீர். படுக்க இன்ஜின் பக்கம்தான் இடம். அவன் வயிற்றில் என்றைக்குச் சோறு நிற்கிறதோ, அன்றைக்கு ஒருவர் பேர் சொல்லி அழைப்பார், மற்றவர்களும் அழைப்பார்கள். அண்ணன் அதைப் பட்டுத் தேறியவன், பிறகு மற்றவர்களைப் படுத்தியவன். அதைவிட நல்ல முறை உலகத்தில் இல்லை என்று நம்புபவன். அந்தக் கடலோடி நியாயத்தை என் தொட்டிக்குள் அவிழ்த்துவிட்டிருந்தான்.

"போட்ல யாரும் யார் வாலையும் கடிக்கறதில்ல" என்றேன்.

"போட்ட பத்தி உனுக்கு இன்னா தெரியும்? ப்ளஸ் டூ லீவுல ஒரு தபா வந்த. அரை நாள் தாங்கல, வாந்தியா எடுத்து கரைக்கு இட்டுனு போன்னு அழுத. உன்னால மொத்த போட்டும் திரும்பிச்சு. இன்னிக்கும் என்னிய வாந்தி அண்ணன்னுதான் கூப்டறானுங்க, தெரியுமா?"

தெரியாது. இத்தனை வருடமாக என் படிப்பையும் தொட்டியையும் அவன் கரித்துக்கொட்டியது எதனால் என்று அப்போதுதான் விளங்கியது. ஆனால் இரங்கும் நிலையில் நான் இல்லை.

"கூப்டட்டும். உன் திமிருக்கு அது கம்மி. போடா."

அவனை நான் 'டா' போட்டது அதுவே முதல் முறை. கீழேயிருந்து அம்மா, "அடிச்சுக்கினு சாவறதுன்னா தெருவுல போயி சாவுங்க, வூட்ட கலீஜ் பண்ணாதீங்க" என்று கத்தினாள்.

அன்று மாலை தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் சொருகி, உள்ளே இறால் துண்டு வைத்துப் பொறி செய்தேன். ரவுடி அதைச் சுற்றி வந்து, வாயில் எட்டிப் பார்த்து, போய்விட்டது. துறவி நண்டு ஒன்று உள்ளே புகுந்து இறாலைத் தின்றது. அண்ணன் பாயில் படுத்தபடி சிரித்தான்.

மறுநாள் காலையில் அவனே எழுந்து வந்தான். தங்கூஸ் நரம்பில் ஒரு பொடித் தூண்டில் முள்ளைக் கட்டி இறால் துண்டு குத்தினான். "தள்ளு. சொறாவே இஸ்துகீறேன், இது இன்னா சுண்டக்கா."

சுண்டைக்காய் இறாலை மட்டும் உருவியது. இன்னொரு துண்டு. அதையும் உருவியது. ஐந்தாவது துண்டுக்கு அது மேலேயே வந்து காத்திருந்தது.

"இன்னாண்ணா, சொறா ஊட்டி வுடறாப்ல கீது?"

முள்ளைப் பிடுங்கித் தரையில் எறிந்தான். "உன் மீனும் ஒன்ன மாறியே. வாய் மட்டும் நீளம்."

அதற்குள் சிவப்பன் மணலில் சாய்ந்துவிட்டிருந்தான். செவுள் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. ரவுடி வந்து விலாவில் ஒரு கடி கடித்துவிட்டுத் தன் வளைவுக்கடியில் போய் நின்றது. என்னுடைய வளைவு, அதனுடைய வளைவு. சட்டைக் கையைக்கூட மடிக்காமல் இரண்டு கைகளையும் உள்ளே விட்டு வளைவைப் பிடித்து இழுத்தேன். சிமென்ட் 'டக்' என்று விட்டது. பவளக் கிளைகள் முறிந்து விழுந்தன. எல்லாப் பாறைகளையும் இடம் மாற்றி, குப்புறப் போட்டு, இடது பக்கத்தை வலது பக்கமாக்கினேன். தண்ணீர் சாம்பலாகிவிட்டது.

"பைத்தியமாடா நீ?" என்றான் அண்ணன். "அத்தினி மாசம் வளத்தத நீயே ஒடைக்கற?"

வாயைத் திறந்தால் அழுகை வரும் போலிருந்தது. அவன் முன்னால் இன்னொரு தடவை அழுவதாக இல்லை.

சாயங்காலம் தண்ணீர் தெளிந்தது. ரவுடி பாறை பாறையாகப் போய் மோப்பம் பிடிப்பதுபோல் தன் வளையைத் தேடியது. வளை இல்லை. சிவப்பனுக்கு எதிரே வந்தது, உடம்பை விறைத்தது, பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல் மறுபடி தேடப் போய்விட்டது. மறுநாள் இரை போட்டபோது கிழிந்த வாலோடு சிவப்பன் மேலே வந்தான். ஒரு முழ இடைவெளியில் இரண்டும் தின்றன.

பெட்டியைத் திறந்துவிட்டதிலிருந்து அது மூன்றாம் நாள். அண்ணன் விரல் விட்டு எண்ணிக் காட்டினான்.

"நான் சொன்னேனா இல்லியா? மூணு நாள்! கம்பூட்டர் படிச்சவருக்குத் தெரியல, வாந்தி அண்ணனுக்குத் தெரிது."

"அது பாறைய கலைச்சதாலடா! எல்லை மாறிப்போச்சு, அதனால…"

"ஆமா ஆமா. எல்லை." ஜன்னலுக்குப் போய்த் தெருவில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் கத்தினான். "மாமு! புதுசு தேறிட்டான்!"

கீழே யாரோ விசிலடித்தார்கள். என் உடைந்த பவளங்கள் ஒரு வாளியில் கிடந்தன. என்னிடம் ஆதாரம் ஒன்றுமில்லை. அவன் கணக்கும் என் கணக்கும் ஒரே நாளில் வந்து முடிந்திருந்தன.

அப்போதுதான் சிவப்பன் முதல் தடவையாகத் துடுப்பை முழுதாக விரித்தான். ஓரத்து நீலம் பளீரென்று எரிந்தது. இதற்காகத்தானே இவ்வளவும் என்று நெருங்கிக் குனிந்தேன். அவன் விரித்தது ரவுடியைப் பார்த்து அல்ல. மூலையில், முன்பிருந்தே யார் வம்புக்கும் போகாமல் மணலைச் சலித்துத் தின்னும் சின்னஞ்சிறு கோபி மீனைப் பார்த்து. பாய்ந்தான். கோபி தன் இறால் துணுக்கைத் துப்பிவிட்டுப் பாறைக்கடியில் ஓடியது. துணுக்கை இவன் தின்றான்.

அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தான். "பாத்தியா? ஆளாயிட்டான்!"

தொட்டியின் மூடியைப் போட்டேன். போட்ட வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.