தூது போக ஆளில்லை

என் கணவரை நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது? கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் பதில் தெரியவில்லை. எங்கள் பக்கம் கணவர் பேரைச் சொல்லும் வழக்கமில்லை. அதனால், "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று மகளைத்தான் அனுப்புவேன். நாங்கள் சண்டை போட்டாலும் அவள்தான் தூது.

பசுமலையில் தாய்மார்களுக்காக ஒரு கூட்டம் நடந்தது. அங்கே குடும்ப ஆலோசகர் அம்மா ஒருவர், "உங்கள் பேச்சைப் பிள்ளைகளைச் சுமக்க வைக்காதீர்கள், மனசு களைத்துப்போகும்" என்றார். பஸ்ஸில் திரும்பும் வழி முழுக்க அதே கவலை.

அன்று மாலை நானே வாசலுக்குப் போய், "ஏங்க, சாப்பிட வாங்க" என்றேன். தெருவில் பேசிக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள், என் கணவரைத் தவிர.

"மாப்ள, உன்னையத்தான்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

சாப்பிடும்போது கணவர் மகளிடம், "உங்கம்மாவுக்கு இன்னைக்கு என்னாச்சுன்னு கேளு" என்றார்.

"நீங்களே கேட்டுக்கங்கப்பா. எனக்கு வீட்டுப்பாடம் இருக்கு" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

ஆலோசகர் சொன்னது சரிதான், பிள்ளை களைத்துத்தான் போயிருக்கிறாள். இனி அவளை அனுப்ப மாட்டேன். ஆனால் தெருவே திரும்பாமல் அவர் மட்டும் திரும்ப எப்படிக் கூப்பிடுவது? உங்கள் வீட்டில் எப்படி என்று தயவுசெய்து எழுதுங்கள்.