எரிமலை பார்க்க வந்தவர்

2009இல் அஞ்சலீனா கனடாவில் பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் மூன்றாம் மாடி வீடொன்றில் இருந்தபடி, தையல் தொழிற்சாலைக்குப் போய்வந்து, அகதி வழக்கு முடியக் காத்திருந்தாள். கனடாவை விட்டு வெளியேறினால் வழக்கு போய்விடும். கணவன் கிறகரியை, களவாகக் கனடாவுக்குச் சேர்ப்பதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் உல்லாசப் பயணி என்று சொல்லி எக்குவடோர் வரை கொண்டுவந்து, எரிமலை பார்க்க வெளிநாட்டவர் கூடும் சிற்றூர் ஒன்றில் விட்டிருந்தான். அரைக் காற்சட்டை, கழுத்தில் கமரா.

"மடு மாதா கோயில் திருவிழாவிலைகூடப் படம் எடுக்காத ஆள், இஞ்சை புகையைப் படம் எடுக்கிறன்," என்று தொலைபேசியில் சிரிப்பான்.

ஏப்ரலில் மலை வெடித்தது. அன்று அவன் சிரிக்கவில்லை.

"ஹோட்டல் எல்லாம் பூட்டியாச்சு. பொலிஸ் பஸ் கொண்டுவந்து நிக்குது. உல்லாசப் பயணியளை ஏத்தி, அவரவர் நாட்டுக்கு அனுப்பப் போறாங்களாம்."

"இப்ப எங்கை நிக்கிறியள்?"

"பக்கத்துத் தோட்டத்திலை. உருளைக்கிழங்கு இலையெல்லாம் சாம்பல். இந்தச் சனம் பயிரையும் மாட்டையும் விட்டிட்டு வரமாட்டினமாம். அவையின்ரை போர்வையைப் போத்துக்கொண்டு நானும் இலை தட்டுறன். நிறமும் ஒண்டுதானே, பொலிஸ் திரும்பியும் பாக்கேல்லை."

"மலை இன்னும் வெடிக்குமே?"

"வெடிக்குமெண்டுதான் சொல்லுகினம். நீ சொல்லு, பஸ்ஸிலை ஏறவோ?"

கொழும்பில் இறங்கினால் அவனைத் தேடும் படையினர் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அஞ்சலீனா கொதித்த சோற்றை இறக்கி வைத்துவிட்டுத் தொலைபேசிக்குத் திரும்பி வந்தாள்.

"மூக்கைச் சுத்தி ஈரத்துணி கட்டுங்கோ," என்றாள். "பஸ் போனாப்பிறகு போன் எடுங்கோ."