நிற்கும் பொம்மைகள்

ரொறொன்ரோவில் ஒரு வாடகை மண்டபத்தில் பழைய எகிப்தியக் கண்காட்சி நடக்கிறது. கண்ணாடிக்குள் விரல் நீளப் பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் அவற்றை அடுக்கி வைத்த மரப்பெட்டி. பணக்காரர்கள் செத்தால், மறு உலகத்தில் அவர்களுக்காக வயல்வேலை செய்ய இவற்றையும் கூடவே புதைப்பார்களாம். செத்த பிறகும் வேலை வாங்கியிருக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அருகே காவலுக்கு நிற்பவர் எங்கள் ஆள். அறுபது வயதிருக்கும். சப்பாத்துக்கு மேலே கால் வீங்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் எனக்கு அந்நியருடன் பேசக் கூச்சம். ஆனாலும் என் முழங்கால் வலிக்காக வாசலில் தந்த மடக்குக் கதிரையை அவரிடம் நீட்டுகிறேன்.

“இருங்கோ அண்ணை.”

“ஐயோ தங்கச்சி, கமெராவிலை பாத்துக்கொண்டிருக்கிறாங்கள். இருந்தனெண்டா நாளைக்கு வேலையில்லை.” பொம்மைகளைக் காட்டிச் சிரிக்கிறார். “உதுகள் பரவாயில்லை. படுக்கப் பெட்டியெண்டாலும் குடுத்திருக்கிறாங்கள்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் வீங்கிய மனிதர் கொஞ்ச நேரம் இருந்தால் இங்கே எது களவு போய்விடும்? கதிரையை மடித்துக் கையில் பிடித்தபடி அவர் பக்கத்தில் நிற்கிறேன்.

எதிரே கல்லில் செதுக்கிய எகிப்திய அரசன் முழங்காலில் கைகளை வைத்திருக்கிறான். எங்கள் மூவரில் உட்கார்ந்திருப்பவன் அவன் ஒருவன்தான்.