மருந்துப் பக்கமே போகாத பிள்ளை

"மதினி, மூச்சே ஒழுங்கா விடத் தெரியாத புள்ள, படிச்சு என்னத்தக் கிழிக்கப் போவுது?" என்று சித்தப்பா சிரித்துக்கொண்டே கேட்டார். அம்மா சிரிக்கவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது.

தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் அம்மா மருந்து செலுத்தும் வேலை பார்த்தாள். சாயங்காலம் அவள் சேலையில் வரும் கந்தக நெடிதான் எனக்கு அம்மா வாசம். எங்கள் பக்கம் 'மருந்து' என்றால் வெடிமருந்து. காய்ச்சலுக்குப் போடுவது 'மாத்திரை'. விடியற்காலையில் நான் அடுக்கடுக்காகத் தும்மி, நெஞ்சு விசிலடிக்க எழுந்து உட்காரும்போதெல்லாம், தன் சேலையில் ஒட்டி வரும் மருந்துதான் பிள்ளையை வாட்டுகிறது என்று அம்மா உள்ளுக்குள் புழுங்கினாள். அது உண்மையானால் அவள் வேலையை விட வேண்டும். விட்டால், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன என் படிப்பு நின்றுவிடும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் மதுரைக்கு பஸ் ஏறினோம்.

அங்கே ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா வெளியூர்க்காரர். இந்த வாரம் பாப்பாவுக்கு மருந்து எதுவும் கொடுத்தீர்களா என்று கேட்டார். அம்மா பதறிப்போனாள்.

"மருந்துப் பக்கமே விட மாட்டேன் டாக்டரம்மா."

என் முன்கையில் தூசி, மகரந்தம் என்று பலவற்றின் சாற்றை வரிசையாகச் சொட்டுகளாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் லேசாகக் குத்தினார்கள். ஒவ்வாதது எதுவோ அந்த இடம் கொசு கடித்ததுபோல் தடிக்க வேண்டுமாம். காத்திருந்தோம், கை வழவழவென்றே இருந்தது. அம்மா முகம் மலர, டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. அதில் ஒரு சொட்டு ஹிஸ்டமின்; யார் கையிலும் தடிக்க வேண்டியது, அதுவும் தடிக்கவில்லை. மாத்திரை ஏதாவது போட்டாளா என்று மாற்றிக் கேட்டார்.

"ஆமாங்க, பஸ்ல தும்மிக்கிட்டே வருவாளேன்னு நேத்தும் இன்னைக்கும் சளி மாத்திரை குடுத்தேன். அது மாத்திரைதானங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அந்த மாத்திரை தோலில் தடிப்பு வராமல் அமுக்கிவிடும், ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளை ஒன்றும் செய்யாது என்று சொல்லி, ரத்தம் எடுக்கச் சொன்னார்.

முடிவு வாங்க மறுபடி போனபோது, வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கான எதிர்ப்பொருள் என் ரத்தத்தில் ஏறியிருப்பதாகச் சொன்னார். அதை மட்டும் வைத்து அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. எந்நேரம் தும்முகிறேன், எதில் படுக்கிறேன் என்றெல்லாம் கேட்டு, எங்கள் பழைய இலவம்பஞ்சுத் தலையணையில் வந்து நின்றார்; அந்தப் பூச்சி குடியிருப்பது அதில்தான், மாற்றிவிடுங்கள் என்றார். வெடிமருந்தைப் பற்றி இந்தச் சோதனை பேசாது, ஆனாலும் அந்த நெடி புண்பட்ட நெஞ்சை உறுத்தும் என்றார்.

"அப்ப நான் வேலைய விடணுமா?" அம்மா கேட்டாள்.

"வேண்டாம்மா. வீட்டுக்கு வந்ததும் குளிச்சு, சேலையை மாத்திட்டு அவகிட்டப் போங்க."

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரம்மாவிடம், "எம்புள்ளைக்கு எது ஆகாதுன்னு ரத்தமே சொல்லிருச்சு" என்று அம்மா பெருமையடித்தாள்.

அந்த விடியற்கால விசில் இப்போது அநேகமாக இல்லை. பரிசோதனைக்கூடப் படிப்பை முடித்து விருதுநகரில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். போன திங்கட்கிழமை மதுரையில் நோய் எதிர்ப்பியல் மேற்படிப்பில் சேர்ந்து, முதல் வகுப்பில் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.