தேவாலயக் கதவில் ஓர் இரும்பு வளையம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் ஓர் ஆங்கிலேய மூதாட்டியின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். சிசிலிக்காரரை மணந்து, விதவையாகி, அங்கேயே தங்கிவிட்டவர். இத்தாலிய வழக்கப்படி "சிஞ்ஞோரா", அதாவது அம்மையார் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தகப்பன் இங்கிலாந்தில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் போதகராம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்தத் தேவாலயத்தின் படங்களை மேசையில் பரப்பி, அது எவ்வளவு பழையது, சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் என்ன ஓவியம் மறைந்திருந்தது என்று தொடங்கிவிடுவார்.

அன்று எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. யாழ்ப்பாணத்தில் கடும் சண்டை. அம்மாவும் தங்கச்சியும் ஊர்க் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். காலையில் பஸ்ஸில் கண்ட ஊர்க்காரர் ஒருவர், "உங்கட பக்கம் ஒரு கோயிலிலை குண்டு விழுந்ததாம், பிள்ளை" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். எந்தக் கோயில்? துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சிஞ்ஞோரா ஒரு படத்தை நீட்டினார். தேவாலயக் கதவு, அதில் ஓர் இரும்பு வளையம். அந்தக் காலத்தில், துரத்தப்பட்டு வருபவன் அதைப் பிடித்துவிட்டால் ஒருவரும் அவனைத் தொடக்கூடாதாம்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"எங்கட ஊரிலை கோயிலுக்கு மேலையே குண்டு போடுறாங்கள், சிஞ்ஞோரா! என்ரை அம்மா உள்ளை இருக்கிறா!" தெரிந்த இத்தாலிய மொழியில் கத்தினேன்.

அவர் படத்தைக் கீழே வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "எங்கட கோயிலிலையும் ஒருக்கா, தஞ்சமெண்டு ஓடி வந்தவனை உள்ளை வந்து வெட்டினவங்கள். பீடத்துக்கு முன்னாலை. அப்பா சொன்னவர். அந்தக் கதையை நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை."

கைத்தடியை எடுத்தார். "வா, போவம்."

ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் பேசும் தொலைபேசிக் கடை ஒன்று இருந்தது. கொழும்பில் இருந்த மாமாவுக்கு எடுத்தேன். கிடைக்கவில்லை. மறுபடி எடுத்தேன். அந்த வெக்கையில் சிஞ்ஞோரா என்னருகே அசையாமல் இருந்தார். "ஒன்றும் நடந்திருக்காது" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பொழுதுபடும் நேரம் மாமாவின் குரல் கேட்டது. "ஓம் பிள்ளை, ரெண்டுபேரும் இருக்கினம். குண்டு விழ முன்னமே வெளிக்கிட்டிட்டினம். யாழ்ப்பாணத்திலை இருந்து கப்பலிலை கொழும்புக்கு வந்த ஆள் கண்டவராம். ஆனா, பக்கத்து வீட்டுச் சனம்..." அவரால் முடிக்க முடியவில்லை.

"அம்மாவும் தங்கச்சியும் இருக்கினம்" என்றேன், அழுதுகொண்டே.

"கோயிலிலை இருந்த மற்ற ஆக்கள்?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

இல்லையென்று தலையாட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தலைகுனிந்து இருந்தார்.

அதன்பிறகு எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் கலங்கி நிற்கும் ஒருவரைக் கண்டால், பொய்யாக ஒரு சொல்லும் சொல்லாமல் பக்கத்தில் இருந்தால் போதும் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது.