தேனம்மை கல்யாணத்தில் ஒரே ஒரு சுருள்

என் அப்பா மலையாண்டி போன மாதம் இறந்தார். மானகிரி அரிசி மில்லில் இஞ்சின் ஓட்டியவர். பினாங்கிலிருந்து திரும்பிய மில் முதலாளி கொடுத்த சினிமா கேமரா ஒன்று அவரிடம் இருந்தது. கடிகாரம்போல் சாவி கொடுத்தால் ஓடும். அதை நான் பிரித்துப் பார்த்தேன். வில் இன்னும் தளரவில்லை.

1968இல் கானாடுகாத்தானில் தேனம்மைக்குக் கல்யாணம். அவளைப் பெற்ற அப்பச்சி பினாங்கில் படுத்த படுக்கை, டாக்டர் கைவிட்டிருந்தார். அவருக்குக் காட்டப் படம் பிடிக்க என் அப்பாவை அழைத்திருந்தார்கள். படச்சுருள் ஒன்றுதான். நாலு நிமிடத்துக்குமேல் ஓடாது.

"திருப்பூட்டுறதை மட்டும் விட்டுறாதீக" என்றார் தேனம்மையின் தாய் விசாலம் ஆச்சி. "தாலி ஏறுறது அவுக கண்ணுல பட்டாப் போதும்."

அப்பா காலையிலேயே வளவில், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், இடம் பார்த்தார். முற்றத்து வெளிச்சம் தன் முதுகுப் பக்கமிருந்து பெண்ணின் முகத்தில் விழவேண்டும். கிட்டே நிற்கவேண்டும். கேமரா ஆடக்கூடாது, அதற்கு ஒரு தூண் கிடைத்தது. சாவியை முழுக்கக் கொடுத்துவிட்டுச் சாய்ந்து நின்றார்.

தேனம்மையின் சித்தப்பா பெரியகருப்பன் விடவில்லை.

"ஏப்பா, சம்பந்தி வீட்டுக்காரவுகளைப் பிடி. அங்குட்டுப் பந்தியைப் பிடி. என்னையும் ஒரு பிடி பிடிச்சிரு."

மறுத்தால் வெளியே போகச் சொல்லிவிடுவார். அப்பா கேமராவைக் கண்ணில் வைத்து, சொன்ன பக்கமெல்லாம் திரும்பினார். விசையை அழுத்தவில்லை.

"என்னப்பா, கேமராவுல சத்தமே வரலை?"

"மேளச் சத்தத்துல எங்கிட்டுக் கேக்கும்?"

மேளம் அப்போது நின்றிருந்தது.

பெரியகருப்பன் கேமராவைப் பிடுங்கக் கை நீட்டினார். கெட்டிமேளம் முழங்கியது. கூட்டம் எழுந்தது. அப்பா அவரை முழங்கையால் தள்ளினார். முதுகைத் தூணோடு ஒட்டி, மூச்சை அடக்கி, விசையை அழுத்தினார். வில் ஓய்ந்து நிற்கும்வரை விரலை எடுக்கவில்லை.

அன்று அவரைச் சாப்பிடவிடாமல் அனுப்பினார் பெரியகருப்பன். சுருள் கழுவாமலே பினாங்குக்குப் போனது. அதில் என்ன விழுந்திருக்கிறது என்று இங்கே யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று.

ஆடியில் அப்பச்சியின் பினாங்குக் கணக்கப்பிள்ளை ஊர் வந்தார். ஆச்சி அப்பாவையும் வரச்சொன்னார்.

"சுவத்துல போட்டுக் காட்டுனோம்" என்றார் கணக்கப்பிள்ளை. "தேனம்மை ஆத்தா முகம் அப்படியே தெரிஞ்சுச்சு. எங்க முதலாளி திரும்பத் திரும்பப் போடச் சொன்னாக. கண்ணை மூடுறதுக்கு முந்தின நாளும் பாத்தாக."

ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் வந்தேனா?" என்றார் பெரியகருப்பன்.

"ஓரத்துல ஒரு கை வந்துச்சு. மோதிரத்தைப் பாத்துட்டு, 'என் தம்பி கைடா'ன்னாக."

பெரியகருப்பன் தன் விரல் மோதிரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "சாப்பிட்டுப் போங்க" என்றார்.

சுருள் பினாங்கிலேயே தங்கிவிட்டது. நான் பார்த்ததில்லை. அப்பாவும்தான்.