அக்கா நம்பாத இரண்டு கரண்டி

காம்பு லேசாக வளைந்த அந்த எவர்சில்வர் தேக்கரண்டி இன்னும் அக்கா வீட்டில் இருக்கிறது. அதைப் பார்த்தால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். இழவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்கவைத்துத் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறவன் நான். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

அக்காவின் கணவர், என் மச்சான், மலேசியாவில் சித்தியவான் பக்கம் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஈப்போ ஆஸ்பத்திரியில் மூக்குக் குழாயோடு கிடந்தார். பேச்சு போய் வெறும் சத்தம்தான் வரும். சிரிப்பு மட்டும் பாதி வாயில் மிச்சமிருந்தது. அதை வரவழைப்பதே என் உத்தியோகம் என்று தினமும் போவேன். விழுங்குவதைச் சோதிக்கும் மிஸ் புதன்கிழமை வருவதாக இருந்தது. கரண்டியால் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்து, பிறகு 'ஆ' சொல்லச்சொல்லிக் குரலைக் கேட்பாராம். தேறினால் வாயால் சாப்பிடப் பழக்குவார்கள், மறுவாழ்வு வார்டில் கட்டிலும் கிடைக்கும். அதுவரை ஒரு சொட்டுகூட வாயில் படக்கூடாது.

செவ்வாய் மாலை அக்கா பாத்திரம் கழுவப் போயிருந்தாள். என் கையில் கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தே, பால் விட்ட தேநீர். மச்சான் என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பையையே பார்த்தார். "நாளைக்குப் பரீட்சை, இன்னிக்கு டியூஷன் மச்சான்" என்று சொல்லி, மேசையில் இருந்த அந்த வளைந்த தேக்கரண்டியால் இரண்டு கரண்டி வாயில் ஊற்றினேன். இருமல் இல்லை, புரையேறவில்லை. "பாஸ் லா மச்சான். நாளைக்கு மிஸ் வந்து பாக்கறது சும்மா" என்றேன். பாதி வாயால் சிரித்தார்.

விடிந்தபோது காய்ச்சல். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். சிலருக்குத் தொண்டையில் உணர்ச்சி செத்திருக்கும், உள்ளே தவறிப் போனாலும் இருமல் வராது என்று மிஸ் விளக்கினார்.

"யாராச்சும் வாயில ஏதும் குடுத்தீங்களா?" என்று மிஸ் கேட்டார்.

"நான் குடுக்கிறது அறுவை ஜோக் மட்டும்தான் மிஸ்."

தாதிகூடச் சிரித்தாள். மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கேள்வி அக்காவுக்கு: குழாயில் பால் விட்டதும் தலையைத் தாழ்த்தினீர்களா? தாழ்த்தினால் பால் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடுமாம். அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் சாய்ச்சேன் மிஸ், முதுகு வலிக்குமேன்னு" என்றாள். பழி அவள் மடியில் விழுந்தது. நான் அதை அங்கேயே விட்டுவிட்டேன். சோதனை ஒரு மாதம் தள்ளிப்போனது. மறுவாழ்வுக் கட்டில் வேறொருவருக்குப் போனது.

இப்போது மச்சான் குழைந்த கஞ்சியும், மாவு கலந்து கெட்டியாக்கிய தேயும் விழுங்குகிறார். பேச்சு திரும்பவில்லை. அக்கா எல்லாம் செய்வாள், ஊட்ட மட்டும் மாட்டாள். "நீ குடுடா தம்பி. என் கை ராசி ஒனக்குத் தெரியாதா."

போன வாரம் அப்படித்தான் அதே வளைந்த கரண்டியை நீட்டினாள். என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அந்தக் காய்ச்சல் ஒன்னால வரல. மொத நாள் சாயங்காலம் நான்தான் தே குடுத்தேன். ரெண்டு கரண்டி."

அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. "போடா, என்னைத் தேத்தறதுக்கு இதையும் ஜோக்காக்கிட்டியா. ஒன்னைத் திருத்தவே முடியாது லா."

மச்சான் சிரிக்கவில்லை. நான் கரண்டியை அவள் பக்கம் நீட்டினேன். அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.